அவளிடமே கேளுங்களேன்!

காது கேளாத பெண் கர்ப்பமாகி டாக்டரிடம் போனால் என்ன நடக்கிறது? டாக்டர் கேட்பது மாமியாரிடம். பதில் சொல்வதும் மாமியார். ‘வாந்தி இருக்கா? தூக்கம் வருதா?’ எல்லாவற்றுக்கும் அவரே தலையாட்டுகிறார். வயிற்றில் சுமப்பவளோ பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக் கொண்டிருக்கிறாள். கால்மணி நேரப் பேச்சு, ‘மாத்திரை சாப்பிடு’ என்று ஒரே ஒரு சைகையில் முடிந்துவிடும்.

வெள்ளைப்படுதல், தாம்பத்தியத்தில் வலி, புருஷனின் அடி... இதையெல்லாம் மாமியார் வாய் வழியாகவா சொல்ல முடியும்?

‘அதான் உதட்டைப் பார்த்தே புரிஞ்சுப்பாளே’ என்பார்கள். கண்ணாடி முன் நின்று, சத்தமில்லாமல் ‘பல்லி’, ‘மல்லி’ என்று சொல்லிப் பாருங்கள். வித்தியாசம் தெரிகிறதா? டாக்டர் மாஸ்க் போட்டிருந்தால் அதுவும் போச்சு!

எழுதிக் காட்டுவது நல்ல யோசனைதான். ஆனால் பிறவியிலேயே காது கேளாத பலருக்கு சைகை மொழிதான் முதல் மொழி. அதற்கென்று தனி இலக்கணம் உண்டு. தமிழ் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சிரமப்பட்டுப் படித்த பாஷை. ‘ரத்த அழுத்தம் அதிகரிக்கும் பட்சத்தில்’ என்றெல்லாம் எழுதினால் நமக்கே தலை சுற்றும். ‘தலைவலி வந்தால் உடனே வா’ போதுமே. அவள் முகத்தைப் பார்த்து, அவளிடம் எழுதிக் காட்டுங்கள்.

2015-ல் டெல்லியில் இந்திய சைகை மொழிக்கென்றே ஒரு மத்திய அரசு மையம் வந்தது. 2018-ல் 3,000 சொற்களோடு அகராதி வெளியிட்டார்கள். 2021-ல் அது 10,000 ஆனது. சந்தோஷம்தான். ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்கத்தான் ஆள் இல்லை. செல்போனில் வீடியோ கால் இருக்கிறதே, சைகை தெரிந்த ஒருவரை அதிலாவது அழைக்கலாமே!

பிரசவ அறைதான் பெரிய சோதனை. ‘முக்கும்மா, முக்கு’ என்று நர்ஸ் கத்துவது அவளுக்கு எப்படிக் கேட்கும்? ‘கையை அழுத்தினால் முக்கு, உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து’ என்று எட்டாம் மாசமே பேசி வைத்துக் கொள்ளுங்கள். செலவில்லாத வைத்தியம்.

குழந்தை பிறந்ததும் இன்னொரு கூத்து. ‘இவகிட்ட வளர்ந்தா குழந்தைக்குப் பேச்சு வராது’ என்று பாட்டி தூக்கிக்கொண்டு போய்விடுவார். தேவையே இல்லை. காது கேட்கும் குழந்தை, பாட்டி, தாத்தா, பக்கத்து வீடு என்று பேச்சைப் பிடித்துக் கொள்ளும். அம்மாவிடம் சைகையும் கற்றுக் கொள்ளும். ராத்திரி அழுதால்? அழுகைச் சத்தத்துக்கு லைட் எரிகிற, தலையணைக்கடியில் அதிர்கிற கருவிகள் இருக்கின்றன. அதெல்லாம் வருவதற்கு முன்பே குழந்தையின் மேல் கை வைத்துக்கொண்டு தூங்கிய தாய்மார்கள் எத்தனையோ பேர்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தன் போன்ற தோழிகளைப் பார்க்கக் கிளம்பினால் ‘என்ன ஊர் சுத்தல்?’ என்று தடுக்காதீர்கள். தடுப்பூசி முதல் தாய்ப்பால் வரை, தெளிவாகக் கேட்டுத் தெரிந்து கொள்ள அவளுக்கு இருக்கும் இடம் அதுதான். முடிந்தால் பாட்டியும் கூடப் போய் ‘பால்’, ‘காய்ச்சல்’, ‘வலி’ என்று பத்து சைகையாவது கற்று வரட்டும். பேரன் பேச்சு வருவதற்கு முன்பே கையால் பால் கேட்கப் போகிறான்!