பழைய வானைத் திட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள்

பழைய வான் ஒரு குளிர்காலக் காலையில் ஸ்ராட் ஆகாவிட்டால், ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் எங்கள் வீடுகளில் இரண்டு தீர்ப்புகள் உடனே வந்துவிடும். பிள்ளைகள் சொல்வது: “உந்தக் குப்பையை வித்துப்போட்டுப் புதுசு ஒண்டு எடுங்கோ அப்பா.” அப்பா சொல்வது: “பற்றரிதான். மாத்தினாச் சரி.” தீர்ப்புகள் இரண்டு என்றாலும் பிழை ஒன்றுதான். இரண்டு பேருமே எதையும் அளந்து பார்க்கவில்லை.

அளக்காமல் ஒரு பாகத்தையும் மாற்றக்கூடாது. அளக்காமல் வண்டியையும் மாற்றக்கூடாது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான். இது கார்ப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு மட்டுமான கதை அல்ல. அந்த வானில்தான் அம்மா விடிய ஐந்து மணிக்கு வேலைக்குப் போகிறா. வான் நின்றால் சம்பளமும் நிற்கும். புதியது எடுப்பதென்றால், 84 மாதக் கார்க் கடன் இப்போது இங்கே சாதாரணம். அதாவது ஏழு வருடம். பதினாறு வயதில் நீங்கள் அடம்பிடித்து எடுப்பித்த வண்டிக்கு, நீங்கள் பட்டம் வாங்கிய பிறகும் அப்பா காசு கட்டிக்கொண்டிருப்பார்.

எங்கள் சொந்தத்துக்குள் நடந்ததைச் சொல்கிறேன். சித்தியிடம் 2008ஆம் ஆண்டு மினிவான் ஒன்று இருக்கிறது. குளிர் தொடங்கியதும் சாவியைத் திருப்பினால் இழுத்து இழுத்துச் சுற்றும். சில நாள் ‘டிக்’ என்ற சத்தத்தோடு சரி. கராஜுக்குப் போனா. பற்றரி மாற்றினார்கள். இரண்டு கிழமை ஓடியது. பிறகும் அதே கதை. அடுத்து ஸ்ராட்டர் மோட்டரை மாற்றினார்கள். பத்து நாள் ஓடியது. மூன்றாம் முறை, “ஓல்டனேட்டராக இருக்கலாம், இல்லாட்டி வயரிங். இந்த வயசு வானுக்கு இனிச் செலவழிக்கிறது வீண்” என்றார்கள். அதுவரை சித்தியின் கையால் போனது 1,100 டொலர்.

முப்பது டொலர் மல்டிமீற்றர் ஒன்றோடு போய்ப் பார்த்தேன். இரவு முழுக்க நின்ற வானின் பற்றரியில் 12.6 வோல்ற். அதாவது நிறைந்திருக்கிறது. பிறகு மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகற்றிவ் முனையிலும் மறு முனையை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்துக்கொண்டு, சித்தியைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். அந்த இரண்டு இடமும் தடித்த எர்த் வயரால் இணைந்தவை. மீற்றர் ஏறக்குறைய பூச்சியம் காட்ட வேண்டும். காட்டியது 1.4 வோல்ற். வயரின் அடிப்பக்கத்தைப் பார்த்தால், வீதியில் கொட்டும் உப்பு பல வருடமாகத் தின்று, போல்ற் பூட்டிய இடம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. புது வயருக்கு 25 டொலர் போனது. அந்த வான் இன்றைக்கும் ஓடுகிறது.

ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானத்தில் ஓமின் விதி படித்திருப்பீர்கள். அதைப் பரீட்சையோடு மறந்துவிடுகிறோம். ஸ்ராட்டர் மோட்டர் 150 அம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். துருப்பிடித்த மூட்டில் ஒரு ஓமின் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே போதும்: 150 × 0.01 = 1.5 வோல்ற் அந்த மூட்டிலேயே வெந்து போய்விடும். மோட்டருக்கு மிச்சம்தான் கிடைக்கும். வயரைக் கழற்றி மலிவு மீற்றரில் தடையை அளந்தால், அவ்வளவு சிறிய தடையை அது காட்டாது. “வயர் நல்லது” என்றே சொல்லும். மின்சாரம் ஓடும்போது, சுமை இருக்கும்போது அளந்தால்தான் உண்மை வெளிவரும். புதுப் பற்றரி போட்டதும் இரண்டு கிழமை ஓடியதன் இரகசியமும் இதுதான். புதிதின் பலம் கொஞ்ச நாள் நோயை மறைத்தது. ‘மாத்தினதும் ஓடினது, அப்ப அதுதான் பிழை’ என்ற நியாயம் அதனால் செல்லாது.

டாஷ்போர்டில் எல்லா விளக்கும் கோயில் திருவிழாச் சோடனை மாதிரி எரிகிற நாளும் இப்படித்தான். கனடாவில் 1998 மாடலிலிருந்து கார்களில் ஓபிடி பொருத்து இருக்கிறது. இருபது டொலர்க் கருவியால் நீங்களே பிழைக் குறியீடுகளை வாசிக்கலாம். ஆனால் குறியீடு காட்டுவது அறிகுறியை, பாகத்தை அல்ல. பி0562 என்று வந்தால் வோல்ற்றளவு குறைந்தது என்று மட்டுமே அர்த்தம். ஓல்டனேட்டரை வாங்கு என்று அர்த்தமில்லை. வோல்ற்றளவு விழுந்தால் வண்டிக்குள் இருக்கும் சிறு கணினிகள் ஆளுக்கொரு முறைப்பாடு எழுதிவைக்கும். பத்து முறைப்பாட்டுக்கும் ஒரே ஒரு எர்த் வயர் காரணமாக இருக்கலாம். என் தொழிலிலும் தினம் பார்ப்பது இதைத்தான்: சேர்வர் விழுந்தால் பதிவேட்டை வாசிக்காமல் புதுச் சேர்வர் வாங்கக் கேட்பவர்கள் நிறையப் பேர்.

கராஜ்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பாகத்துக்கு 400 டொலர் கேட்டால் கொடுக்கிற எங்கட ஆக்கள், பிழையைக் கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு 120 டொலர் என்றால் “சும்மா பாக்கிறதுக்கும் காசோ?” என்று அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். அளப்பதற்குக் கூலி கொடுக்காத ஊரில் ஊகம்தான் விலைப்படும்.

ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. எழுத்தில் மதிப்பீடு கேட்கலாம். இறுதிக் கட்டணம் அதை 10 வீதத்துக்கு மேல் தாண்டக்கூடாது. கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்கலாம். மாற்றிய பாகத்துக்கும் வேலைக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் உண்டு. ஆங்கிலம் சரளமாக வராத அப்பா இதைக் கவுன்ரரில் நின்று கேட்கமாட்டார். நீங்கள் கேட்கலாம். கூடப் போங்கள்.

அப்பாமாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரியும் எரிபொருளும் தடைசெய்யப்பட்ட பொருட்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்ட சனம் அது. சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ 40ஐயும் ஓட்டிய சனம். அந்த வண்டிகளைக் காதால் கேட்டே நோய் சொல்லலாம். இன்றைய வானுக்கு அது போதாது. அப்பாவிடம் கை இருக்கிறது, உங்களிடம் கணக்கு இருக்கிறது. இரண்டும் ஒரு பொனற்றுக்குக் கீழே சேராமல், ஒருவரையொருவர் நக்கலடித்துக்கொண்டு நிற்பதுதான் என் கோபம்.

“எல்லாப் பழைய வண்டியையும் கட்டி அழவேண்டுமா?” என்று கேட்பீர்கள். இல்லை. அடிச்சட்டம் துருவில் உக்கிப்போனால் விடுங்கள். அது உயிர்ப் பிரச்சினை. மஞ்சள் நிற ஏர்பாக் பொருத்துகளையும் ஹைபிரிட் வண்டியின் செம்மஞ்சள் வயர்களையும் தொடவே வேண்டாம், அது பயிற்சி பெற்றவரின் வேலை. பத்து அம்பியர் பியூஸ் திரும்பத் திரும்ப எரிகிறது என்று முப்பது அம்பியர் பியூஸ் போடுவது, வெள்ளித்தாள் சுற்றுவது எல்லாம் வண்டிக்குத் தீ வைக்கிற வேலை. பியூஸுக்குப் பதிலாக வயர் எரியும்.

இந்தச் சனிக்கிழமை மூன்று எண்களை எடுங்கள். இரவு நின்ற பற்றரியில் எவ்வளவு: 12.6 நல்லது, 12.2 பாதி. எஞ்சின் ஓடும்போது எவ்வளவு: 14ஐ அண்டி இருக்க வேண்டும். சாவியைத் திருப்பும்போது பற்றரி நெகற்றிவுக்கும் எஞ்சினுக்கும் இடையில் எவ்வளவு: அரை வோல்ற்றைத் தாண்டினால் எர்த் வயரைப் பாருங்கள். ஹாண்ட்பிரேக் போட்டு, கியர் பார்க்கில் இருக்க, சுழலும் பெல்ற்றுக்குக் கிட்டக் கை போகாமல் அளவுங்கள். எண்களைத் திகதியோடு ஒரு தாளில் எழுதிக் குளொவ் பெட்டிக்குள் வையுங்கள். அடுத்த முறை கராஜுக்குப் போகும்போது அந்தத் தாளை முதலில் நீட்டுங்கள். அதை வாசித்துவிட்டு மேலே கேள்வி கேட்கிற மெக்கானிக்கிடம் வானை விடுங்கள். வாசிக்காமலே பாகத்தின் விலையைச் சொல்பவரிடமிருந்து சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள்.