ஆங்கிலம் பழகுவோம்: பெயர்ச்சொல்லுக்கு ஒரு வால்



‘மாதம்’ என்ற பெயர்ச்சொல்லோடு ‘தோறும்’ சேர்ந்தால் ‘மாதந்தோறும்’ என்றாகி வினையை விளக்குகிறது. ஆங்கிலத்திலும் இப்படித்தான். ‘மந்த்’ என்பதோடு ‘லி’ சேர, ‘மந்த்லி’. ‘வீக்லி’ என்றால் வாரந்தோறும். ‘ஃபோர்ட்நைட்’ என்பது இரண்டு வாரம். ‘ஃபோர்ட்நைட்லி’ இரண்டு வாரத்திற்கு ஒருமுறை. சம்பளம் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை ஒப்பந்தத் தாளில் இந்த ஒரு சொல் சொல்லிவிடும். பெற்றோர்களே, கையெழுத்துப் போடுமுன் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

‘வைஸ்’ என்பது நம் ‘வாக்கில்’ போன்றது. ‘லெங்த்வைஸ்’ என்றால் நீளவாக்கில். ‘கிளாக்வைஸ்’ என்றால் கடிகார முள் சுற்றும் பக்கமாக. தண்ணீர்க் குழாயை மூடுவது அப்படித்தான். ‘வர்ட்ஸ்’ என்றால் ‘நோக்கி’. ‘ஹோம்வர்ட்ஸ்’ – வீடு நோக்கி.

மாணவமணிகளே, ஓர் எச்சரிக்கை! ‘லி’ ஒட்டியதெல்லாம் வினையை விளக்காது. ‘ஃபிரண்ட்லி’ ஆளின் குணத்தைச் சொல்லும். ‘ஹீ ஸ்போக் ஃபிரண்ட்லி’ என்று தேர்வில் எழுதினால் பிழை. ‘ஹீ ஸ்போக் இன் எ ஃபிரண்ட்லி வே’ என்று எழுதுக.

பயிற்சி: ‘இயர்’, ‘ஸ்கை’ – இவற்றுக்கு எந்த வால் பொருந்தும்? வீட்டில் எல்லாரும் சேர்ந்து கண்டுபிடியுங்கள். விடை அடுத்த இதழில்.