ஒரு பக்கம் மட்டும் எழுதிய கணக்கு

மீன் வாங்கப் பட்டினச்சேரிக்குக் கிளம்பியவனை வழியில் ஒரு நூலகம் மடக்கிவிட்டது. வாசலில் 'வாழும் வரலாறு' என்று பேனர். "வாங்க சார், பாத்துட்டு மார்க் போடணும்" என்று ஒரு படிவத்தைக் கையில் திணித்தார்கள். அடுத்தவனுக்கு மார்க் போடச் சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்? உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் காலத்து ஆள் மாதிரியே வேஷம் கட்டி, அந்தக் காலத்து வேலையைச் செய்து காட்டுவதுதான் சமாசாரம். கனடாவில் இது பிரசித்தம். தண்டர் பே நகரில் ஃபோர்ட் வில்லியம் கோட்டையையே புதிதாகக் கட்டி, 1816-ம் வருஷத்து மிருகத்தோல் வியாபாரத்தை நடித்துக் காட்டுகிறார்கள். 'நமக்கென்ன சம்பந்தம்?' என்காதீர்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கையில் கனடாவை பிரிட்டனுக்குத் தாரை வார்த்த பிரான்ஸ், அதே உடன்படிக்கையில்தான் காரைக்காலைத் திரும்பப் பெற்றது. பீவர் தோல் போச்சு, நாம வந்தோம்!

நம்ம ஊர் நாடகத்தில் தோலுக்குப் பதில் துணி. கோட்டு மாட்டிய பிரெஞ்சு வியாபாரி வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தார். 1739-ல் காரைக்காலுக்கு வந்தவர் கையில் குவார்ட்ஸ் வாட்ச்! மற்றபடி தறி, பேரம், மூட்டை எல்லாமே ஜோர். 'மிக நன்று'வில் டிக் அடிக்கப் போனேன்.

முன்வரிசையில் ஒரு பட்டினச்சேரிப் பையன் எழுந்தான். "சார், மூட்டை எப்படிக் கப்பலுக்குப் போச்சு? பெரிய கப்பல் கரைக்கு வராதே!"

"படகுல போச்சு தம்பி."

"படகை யாரு தள்ளுனா? அவங்க ஏன் சார் நாடகத்துல இல்ல?"

வியாபாரி வாட்சைப் பார்த்தார்.

நான் படித்தது பி.காம். பற்று எழுதினால் எதிர்ப்பக்கம் வரவும் எழுதணும். இல்லாவிட்டால் கணக்கு டேலி ஆகாது. இங்கே சரக்கு ஒரு பக்கம் இருக்கிறது. அதைச் சுமந்த மனுஷனைக் காணோம்.

துணி மட்டுமா போச்சு? 1848-ல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறி ஒப்பந்தக் கூலிகளாக ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குப் போனார்கள் நம் ஜனங்கள். குவாதலூப்புக்கு மட்டும் 1854 முதல் 1889 வரை சுமார் 42,000 இந்தியர்கள். ஊர் திரும்பாதவர்கள் ஏராளம்.

படிவத்தில் எழுதினேன்: 'நடிப்பு - மிக நன்று. உடை - நன்று, வாட்ச் நீங்கலாக. வரலாறு - பாதி. அடுத்த தடவை அந்தப் பையன் கையில் ஒரு துடுப்பைக் கொடுக்கவும்.'

பட்டினச்சேரி போய்ச் சேர்ந்தபோது மீன் தீர்ந்திருந்தது. காலிப் பையைப் பார்த்து வீட்டம்மா போட்ட மார்க்கை இங்கே பிரசுரிக்க முடியாது.