‘தீயணைப்பான்: உண்டு’ என்று எழுதியவருக்கு

பெருமதிப்பிற்குரிய ஐயா,

தலைநகர் தில்லியில் வாகனங்களுக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றைக் கொடுக்கும் பொறுப்பில் இருக்கும் தங்களுக்கு இதைப் பொதுவில் எழுத நேர்ந்ததற்கு வருந்துகிறேன். தங்கள் பெயரையோ அலுவலகத்தின் பெயரையோ நான் குறிப்பிடவில்லை. முதல் மனுவைக் கொடுத்தபோது அந்த நாற்காலியில் இருந்தவர் வேறு. இது அச்சேறுவதற்குள் இன்னொருவர் வந்திருக்கலாம். யார் வந்தாலும் கோப்பு அங்கேதான் இருக்கும். நானும் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்தியே ஓய்வு பெற்றவன். ஒரு காகிதம் எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்பதில் எனக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு.

விதிகளைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். அவை உங்களுக்கு மனப்பாடம். ஒரே ஒரு வேனைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சென்ற ஜூலை, கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த புதிது. மயூர் விஹார் முதல் கட்டத்தில் எங்கள் குடியிருப்பு வாசலில் காலை ஏழு மணிக்குப் பள்ளி வேன்கள் வரிசையாக நிற்கும். பால் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். கடைசிப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு நகர்ந்த ஒரு வேன் இருபது அடி போவதற்குள் நின்றுவிட்டது. டிரைவர் குதித்து இறங்கினார். முன்சீட்டுக்கு அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

அந்த வகை வேனில் எஞ்சின் முன்சீட்டுக்குக் கீழேதான் இருக்கும். பின்னால் சி.என்.ஜி. சிலிண்டர். அந்தச் சிலிண்டருக்கு மேல் ஒரு மரப்பலகையை அடித்து, அதில் மெத்தை தைத்து, நான்கு பிள்ளைகள் உட்கார இடம் செய்திருந்தார்கள். முன்னால் சூடு, பின்னால் அழுத்தத்தில் அடைத்த வாயு, நடுவில் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும். பக்கவாட்டுக் கதவின் உள்கைப்பிடி உடைந்திருந்தது, வெளியிலிருந்து இழுத்தால்தான் திறக்கும். வெளியில் நாங்கள் இருந்தோம், இழுத்தோம். இறங்கிய பிள்ளைகளை வாட்ச்மேன் எண்ணினார். பதினான்கு பேர்.

டிரைவரைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளை இறக்கிய கையோடு அவர் ஓடியது தீயணைப்பானை எடுக்கத்தான். அது அவர் சீட்டுக்குப் பின்னால் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கம்பியை முறுக்கவிழ்க்கவே விரல் கிழிந்து ரத்தம் வந்தது. பிடியில் செருகியிருந்த பின் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்ததால் பல்லால் கடித்து இழுத்தார். பிடியை அழுத்தினார். ‘புஸ்’ என்று ஒரு சத்தம், நாலு சிட்டிகை பொடி. அவ்வளவுதான்.

வண்டியின் அதிர்விலும் கோடையில் 45 டிகிரி வெயிலிலும் கிடந்து உள்ளே இருக்கும் பொடி அடியில் படிந்து கட்டியாகிவிடும். பொடியைத் தள்ளுகிற வாயு மெல்லக் கசிந்து போயிருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். கழுத்தில் எட்டணா அகலத்துக்கு ஒரு மீட்டர் இருக்கிறது. ஊசி பச்சையில் நின்றால் வேலை செய்யும், சிவப்பில் நின்றால் அது ஒரு இரும்புக் குடுவை. நான் பிற்பாடு கையில் வாங்கிப் பார்த்தேன். ஊசி சிவப்பின் கடைக்கோடியில் கிடந்தது. பொடி நிரப்பிய தேதியைப் பேனாவால் எழுதியிருந்தார்கள்: 2018.

டிரைவர் பதற்றத்தில் சீட்டைத் தூக்கினார். காற்றுப் பட்டதும் புகையாக இருந்தது குப்பென்று தீயாக எழுந்தது.

அந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் வந்த டி.டி.சி. பேருந்து ஒன்று நின்றது. அதன் டிரைவர் தன் வண்டியின் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு டிவைடரைத் தாண்டி ஓடிவந்தார். “சீட்டை மூடு, மூடு!” என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. “கேஸ் வால்வை அடை” என்பது இரண்டாவது. வால்வு எங்கே? அடித்து வைத்த பலகைக்குக் கீழே. பலகையைப் பெயர்க்க ஆணி வாங்கும் சுத்தியல் அல்லவா வேண்டும்? அதை விட்டுவிட்டு, சீட்டை ஒரு சாண் மட்டும் தூக்கச் சொல்லி, அந்தச் சந்தில் குழாயை நுழைத்து, தீயின் அடியைப் பார்த்து அடித்தார். சில வினாடிகளில் அணைந்துவிட்டது. அந்தத் தீயணைப்பான்களில் உள்ளதே சில வினாடிகளுக்குத்தான். குறி தப்பினால் இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. அவருடைய குறி தப்பவில்லை.

கூட்டத்தில் யாரோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்: “மாசம் ஒரு தடவை இதைத் தலைகீழாப் புரட்டிக் குலுக்கி வைப்பேன், அங்கிள்ஜி. இல்லேன்னா பொடி உட்கார்ந்துடும்.” மாதச் சம்பளத்துக்கு ஒரு பேருந்தை ஓட்டுகிறவருக்குத் தெரிந்திருக்கிறது.

இனி உங்கள் பக்கம் வருகிறேன், ஐயா. அந்த வேனுக்கு எஃப்.சி. வழங்கி அன்றைக்குச் சரியாக மூன்று வாரம். முத்திரை, கையெழுத்து, எல்லாம் சுத்தம். மூன்று வாரத்தில் ஊசி பச்சையிலிருந்து சிவப்புக்கு ஓடியதா? 2018 என்ற தேதி மூன்று வாரத்துக்கு முன்பு வேறாக இருந்ததா? உள்கைப்பிடி அன்று காலையில்தான் உடைந்ததா? பலகையை முந்தின நாள் இரவு தச்சர் வந்து அடித்துவிட்டுப் போனாரா?

இதைத்தான் மனுவில் கேட்டிருந்தேன். உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டதாகப் பதில் வந்தது. உரிய பிரிவு எது என்று கேட்டு எழுதினேன், அந்தக் கடிதமும் உரிய பிரிவுக்குப் போயிற்று. பிறகு இணையதளத்தில் என் புகாருக்கு நேராகத் ‘தீர்வு காணப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் வந்தது. பச்சையில் நிற்க வேண்டிய ஊசியை விட்டுவிட்டு எழுத்தைப் பச்சையாக்கியிருக்கிறீர்கள். ஆர்.டி.ஐ. போட்டு ஆய்வுப் படிவத்தின் நகலை வாங்கினேன். அதில் ‘தீயணைப்பான்’ என்பதற்கு எதிரே ‘உண்டு’. ஒரு சுருக்கொப்பம். பொய் என்று ஒருவரும் சொல்ல முடியாது. இருந்தது, கட்டுக்கம்பியால் கட்டப்பட்டு இருந்தது.

நேரிலும் வந்தேன். உங்கள் வரவேற்பறைச் சுவரில் பெரிய தீயணைப்பான் ஒன்று தொங்குகிறது. அதன் பிடியில் யாரோ குடையை மாட்டியிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் தாள்களைப் பொறுமையாகப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “யாருக்காவது ஏதாவது ஆயிற்றா?” இல்லை என்றேன். “அப்புறம் என்ன?” என்று தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தக் கேள்விக்குத்தான் இந்த மடல்.

ஏதாவது ஆன இடங்கள் உண்டு. 2020 பிப்ரவரி 15, சனிக்கிழமை. பஞ்சாபில் சங்ரூர் மாவட்டம் லோங்கோவால். பள்ளி விட்டுத் திரும்பிய பழைய வேன் ஒன்று தீப்பிடித்தது. உள்ளே 12 பிள்ளைகள். பக்கத்து வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடிவந்து 8 பேரை இழுத்துப் போட்டார்கள். 4 பேரை எடுக்க முடியவில்லை. அந்த வண்டி சாலையில் ஓடவே தகுதியற்றது என்பது அதன்பிறகு எல்லாருக்கும் தெரிந்தது. அடுத்த சில நாட்களிலேயே மாநிலம் முழுக்கப் பள்ளி வாகனச் சோதனையும் நடந்தது. அதே அதிகாரிகள், அதே படிவம். கண் மட்டும் அப்போது திறந்திருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் அக்ஷர்தாம் மேம்பாலம். 2019 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு குடும்பம் போன கார் அங்கே தீப்பிடித்தது. தீ பின்பக்கத்திலிருந்து வந்தது, சி.என்.ஜி. கசிவு என்று சந்தேகித்தார்கள். ஓட்டிவந்த தகப்பனாரும் ஒரு மகளும் தப்பினார்கள். பின்சீட்டில் இருந்த தாயும் இரண்டு பெண் பிள்ளைகளும் தப்பவில்லை. ஒரு கிலோ பொடி இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கசியும் வாயு கொழுந்துவிட்டு எரிய ஆரம்பித்த பிறகு அந்தச் சின்னக் குடுவை எதையும் நிறுத்தாது. முதல் அரை நிமிடத்துக்குத்தான் அது. அந்த அரை நிமிடத்தில் கையில் ஒன்றுமே இல்லாமல் நிற்கும் தகப்பனை நினைத்துப் பார்க்கத்தான் கேட்கிறேன். தீயணைப்பு வண்டி எத்தனை வேகமாக வந்தாலும் தில்லியின் மாலை நேர நெரிசலில் அந்த அரை நிமிடத்துக்குள் வராது.

தனிக் கார் வைத்திருப்போர் எல்லாரையும் நீங்கள் துரத்த வேண்டும் என்று கேட்கவில்லை. அவரவர் புத்தி அவரவருக்கு. சின்னத் தீயணைப்பான் கடையில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. சீட் கவருக்கும் வாசனைப் புட்டிக்கும் அதைவிட அதிகம் கொடுக்கிறோம். வாங்குகிறவர்கள் பலரும் அதை டிக்கியில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள், சி.என்.ஜி. காரில் சிலிண்டர் இருப்பதும் அங்கேதான். கைக்கெட்டும் இடத்தில், டிரைவர் சீட்டுக்கு அடியில் வைக்க வேண்டும் என்று சொல்லித்தர ஆளில்லை. அது வேறு கதை. நான் பேசுவது நீங்கள் பார்த்து, தொட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பிய வண்டியைப் பற்றி. கூலி வாங்கிப் பிறர் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டி. அந்தத் தாய்மார்கள் வேனின் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை, ஏனென்றால் பார்க்க நீங்கள் இருக்கிறீர்கள் என்று நம்புகிறார்கள்.

இந்த ஊரால் முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முரண்டு பிடித்து, தவணை கேட்டு, திட்டு வாங்கி, கடைசியில் 2002 முடிவதற்குள் தில்லியின் டீசல் பேருந்துகள் சி.என்.ஜி.க்கு மாறின. ஒரு மாநகரின் பேருந்துகளுக்கு எரிபொருளையே மாற்ற முடிந்த இடத்தில், ஒரு மீட்டரின் ஊசியைக் குனிந்து பார்க்க இடுப்பு வளையவில்லையா?

நான் கும்பகோணத்துக்காரன். 2004 ஜூலை 16 அன்று நான் தில்லியில் அலுவலகத்தில் இருந்தேன். ஊரிலிருந்து ஃபோன் வந்தது. பள்ளியில் தீ. 94 பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக்கூரை கூடாது என்று தமிழ்நாடெங்கும் பிரித்துப் போட்டார்கள். கீற்று எரியும் என்பது அன்றைக்குத்தானா தெரிந்தது? இங்கேயும் 2024 மே 25 இரவு, விவேக் விஹாரில் பச்சிளங்குழந்தைகளை வைத்திருந்த மருத்துவமனை எரிந்தது. உரிமம் மார்ச் 31-ஆம் தேதியோடு காலாவதியாகியிருந்தது என்பது குழந்தைகள் இறந்த பிறகு வெளியே வந்தது. ஒவ்வொரு தடவையும் சாம்பலைக் கிளறித்தான் உங்கள் துறைகளுக்குத் தேதி படிக்க வருகிறது.

அந்த வேன் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஒரு மாதம் காணவில்லை. ஆகஸ்டில் திரும்ப வந்தது. முன்சீட்டுக்குப் புது உறை. பலகை அப்படியே. தீயணைப்பானுக்குப் பளபளவென்று சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஊசி இருக்கும் கண்ணாடியின் மேலும் கொஞ்சம் தெறித்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், அதே இடத்தில்தான் கிடந்தது. டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு, “ஓனர்கிட்டே சொல்லிட்டேன் அங்கிள்ஜி, எஃப்.சி. இருக்கேன்னு சொல்றார்” என்றார்.

ஓனர் சொல்வது சரிதானே? எஃப்.சி. இருக்கிறது. நீங்கள் கொடுத்தது. அந்தக் காகிதம் இல்லாவிட்டால் அவர் சில நூறு ரூபாய் செலவழித்துப் பொடி மாற்றியிருப்பார், பலகையைப் பெயர்த்திருப்பார், குறைந்தபட்சம் பயந்தாவது இருப்பார். அவருடைய பயத்தை உங்கள் முத்திரை தீர்த்துவைத்துவிட்டது. பாதுகாப்புக்கு என்று கொடுத்த தாள், பாதுகாப்பு வேண்டாம் என்பதற்குச் சாட்சியாக அவர் கையில் இருக்கிறது.

யாரையும் சஸ்பெண்ட் செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. கமிட்டி வேண்டாம். விழிப்புணர்வு வாரம் கொண்டாடி, ரிப்பன் வெட்டி, பிள்ளைகளை வெயிலில் நிறுத்தித் தீயணைப்பான் படம் வரையச் சொல்லவும் வேண்டாம். அந்தச் சுருக்கொப்பத்துக்கு உரியவரை மட்டும் ஒரு நாள் அந்த வேனில் ஏற்றுங்கள். சிலிண்டருக்கு மேல், அந்தப் பலகையில், பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து பள்ளி வரை போய் வரட்டும். அவருக்கு வேலை அதிகம் என்றால் நீங்களே வாருங்கள். வரும்போது உங்கள் அரசாங்க வண்டியில் இருக்கும் தீயணைப்பானின் ஊசியையும் பார்த்துவிடுங்கள். அது பச்சையில்தான் நிற்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

வண்டி எண் கோப்பில் இருக்கிறது. இரண்டாம் எண் வாசலில் காலை 6.50-க்கு வந்து ஏழு மணிக்குப் புறப்படும். சனி, ஞாயிறு கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் கோப்பில் ‘தீர்வு காணப்பட்ட’ மனுதாரர்,
மயூர் விஹார் முதல் கட்டம், தில்லி.