லூ சுன்னும் நம் மீனவக் கவிதைகளும்

முற்போக்கு மேடைகளில் லூ சுன் பெயர் புரளுகிறது, இலங்கை கே. கணேஷ் தமிழில் தந்தும் படித்தவர் குறைவு. ‘ஆ க்யூ’வில் (1921-22) ஏழை புனிதனல்ல, அடிபட்டதையே வெற்றியென்று நினைத்துக்கொள்பவன். புரட்சியும் அவனுக்கு மரணதண்டனைதான் தருகிறது. எழுதியவர் கட்சி உறுப்பினரல்ல. 1936இல் இறந்ததால் தப்பினார். லாவ் ஷ 1966இல் செங்காவலரிடம் அடிபட்டு, ஏரியில் பிணமாகக் கிடந்தார். ஷென் ட்சோங்வென் 1949க்குப் பின் கதையை விட்டு மியூசியத்தில் ஒதுங்கினார். இவை மேடையேறுவதில்லை.

பழவேற்காட்டு மீனவன் நம் கவிதைகளில் வலையோடு சூரியனைப் பார்த்து நிற்கிறான். என் பாங்க் கவுண்ட்டரில் நிற்பவன் அவனல்ல. ஏரியில் சீட்டுப் போட்டுப் பாடு பிரிப்பவர்களும், பாட்டுரிமை இல்லாதவனை ஒதுக்குபவர்களும் மீனவர்கள்தாம். லூ சுன் முதலில் அங்கேதான் பார்த்திருப்பார். நாம் இன்னும் கரையில் நின்று கோஷம் போடுகிறோம்.