கதைக்கரு ஒன்றாயின் களவாகுமா?

ஒரு படம் திரைக்கு வந்த மறுநாளே "இது திருட்டு" என்னும் கூச்சல் எழுகின்றது. அங்கும் தந்தையைக் கொன்றவனை மகன் தேடினான், இங்கும் தேடுகின்றான், ஆகவே களவு என்று தீர்ப்புரைக்கப் பெறுகின்றது. குற்றஞ்சாட்டப் பெற்றவரோ அதனினும் எளிய விடையொன்றைக் கைவசம் வைத்துள்ளார்: "கரு பொது, அஃது எவர்தம் உடைமையும் அன்று." முன்னது அறியாமை, பின்னது பல வேளைகளில் சூழ்ச்சி. இவ்விரண்டிற்கும் நடுவே, உண்மைக் களவு கேட்பாரின்றி நழுவிப் போகின்றது.

கரு ஒன்றானாலே களவென்பார், தமிழ் அகப்பாடல்களுள் ஒரு நூறேனும் படித்தறியாதவர். நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகிய மூன்றிலுமாக ஏறத்தாழ 1200 பாடல்கள். தலைவன் பிரிந்தான், கார்காலம் வந்தது, அவன் வரவில்லை, தோழி ஆற்றுவித்தாள். இந்த ஒரு நிகழ்ச்சியை எத்தனைப் புலவர் பாடினர்! ஒருவரை மற்றவர் கள்வர் என்றாரா? துறை பொது என்பதும், அத்துறையுள் அவரவர் கண்ட முல்லையும் மழையும் சொல்லும் தனி என்பதும் அவர்க்குத் தெரிந்திருந்தன. களவு என்னும் சொல்லையே காதலொழுக்கத்திற்கு வழங்கிய மக்கட்கு, எது களவன்று என்பதும் தெரிந்தே இருந்தது.

அம்மரபே மற்றொன்றையும் வற்புறுத்தியது. அதனைத்தான் திரைத்துறையினர் வாகாக மறந்து விடுகின்றனர். தொல்காப்பிய மரபியல் நூலை முதனூல், வழிநூல் என இரண்டாகப் பகுத்தது. சுருக்கியும் விரித்தும் அவ்விரண்டும் கலந்தும் மொழிபெயர்த்தும் வழிநூல் செய்யலாம் என்று நான்கு வகைக்கு இசைவு தந்தது. வழிநூல் செய்வது இழிவன்று; அதனை முதனூல் என்று விற்பதே இழிவு. அதனாலன்றோ, சிறப்புப் பாயிரம் தெரிவிக்க வேண்டியவை எட்டு என்ற நன்னூல், ஆக்கியோன் பெயரை அடுத்து 'வழி'யை வைத்தது! இந்நூல் எதன் வழி வந்தது என்பதைப் படிப்போன் வாயிலிலேயே அறிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கம். கம்பன் எடுத்த கதையை ஒப்பாத தமிழர் பலர். எனினும், தனக்கு முன் அக்கதை செய்தார் உளர் என்பதை அவன் பாயிரத்திலேயே சொல்லிவிட்டான் என்பதை அவரும் மறுக்க இயலாது. 1891-இல் 'மனோன்மணீயம்' வெளியிட்ட பேராசிரியர் சுந்தரனார், அதன் கதை ஆங்கிலேயராகிய இலிட்டன் எழுதிய கதையொன்றைத் தழுவியது என்பதை முகவுரையிலேயே தெரிவித்தார். அதனால் அவர் புகழ் குறைந்ததா? அந்நாடகத்து வாழ்த்தன்றோ இன்று தமிழ்த்தாய் வாழ்த்தாக ஒலிக்கின்றது!

இனி, "கரு பொது" என்போரின் அரணுக்கு வருவோம். அவ்வரணின் அடிக்கல் 1978-ஆம் ஆண்டு இந்திய உச்ச நயன்மன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு. ஆர்.சி. ஆனந்து என்பார், 'நாங்கள் இந்தியர்' எனப் பொருள்படும் தலைப்பில் இந்தி நாடகமொன்று எழுதினார். 1954-இல் அது தில்லியில் அரங்கேறியது. பஞ்சாபியக் குடும்பம் ஒன்று. தமிழ்க் குடும்பம் ஒன்று. இரு வீட்டுப் பிள்ளைகளிடையே காதல். பெற்றோரின் மாநில வெறுப்பு. இதுவே கரு. ('இந்தியர்' என்று தலைப்பிட்ட அந்நாடகத்திலும் தமிழர் 'மதராசி'யே என்பது வேறு செய்தி.) 1955-இல் இயக்குநர் மோகன் சேகலுக்கு அவர் நாடகத்தைப் படித்துக் காட்டினார். 1956-இல் சேகலின் 'புது தில்லி' வெளிவந்தது. அதிலும் பஞ்சாபியக் குடும்பம், தமிழ்க் குடும்பம், காதல், வெறுப்பு! நாடகத்தில் தமிழன் காதலன், பஞ்சாபியப் பெண் காதலி. படத்தில் அது தலைகீழாயிற்று. வீடு கிடைக்காத பஞ்சாபிய இளைஞன் தமிழனாக வேடம் புனைவதும், மணக்கொடைக் கொடுமையும் புதிதாகச் சேர்ந்தன.

ஆனந்து கீழ்மன்றத்தில் தோற்றார்; தில்லி உயர்மன்றத்திலும் தோற்றார்; உச்சமன்றத்திலும் தோற்றார். எண்ணத்திற்கும் கருவிற்கும் படைப்புரிமை இல்லை. அதனை வெளிப்படுத்திய வடிவத்திற்கே உண்டு. இரண்டையும் கண்ட பொதுமகன் ஒருவனுக்கு, பின்னது முன்னதன் படியே என்னும் ஐயமற்ற உணர்வு தோன்ற வேண்டும் என்று நடுவர் பசல் அலி வரையறுத்தார். வரையறை சரியே. கருவிற்கு வேலி கட்டினால், பணம் படைத்தவன் உலகக் காதலையெல்லாம் தன் பெயருக்குப் பதிந்து கொள்வான். ஆனால், அதே தீர்ப்பில் நடுவர் பதக்கு தனியே எழுதியதை எடுத்துக்காட்டுவார் அரியர். படத்தின் எழுத்தாளர்கள் நாடகத்தின் அமைப்பை அறிந்தே இருந்தனர் என்பதில் ஐயமில்லை என்றும், அதன் தாக்கம் ஓரளவு அவர்கள்மேல் உண்டு என்றும் அவர் கண்டார். கீழ்மன்றங்கள் இரண்டும் ஒருமித்துக் கண்ட முடிவில் தலையிடவே அவர் விரும்பவில்லை. ஆகலின், சட்டப்படி களவில்லை என்பது முடிந்த செய்தி. அறிந்து எடுத்தவர் ஒரு வரியில் நன்றி சொல்லியிருக்க வேண்டாவா என்பது முடியாத செய்தி. முன்னதைக் காட்டிப் பின்னதைப் புதைப்பதே திரைத்துறையின் வழக்கமாயிற்று.

வேற்று நாட்டிலும் இதே கதைதான். சப்பானியர் அகிரா குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' 1954-இல் வந்தது. அமெரிக்கர் அதனை 1960-இல் தம் நாட்டுக் குதிரைவீரர் கதையாக்கியபோது, சப்பானியப் படத்தின் வழியது என்று தொடக்க எழுத்திலேயே போட்டனர். சண்டையில்லை. குரோசாவாவின் மற்றொரு படம், 1961-இல் வந்த 'யோசிம்போ'. இத்தாலியர் செர்சியோ லியோனி 1964-இல் அதனை ஏறத்தாழக் காட்சிக்குக் காட்சி பின்பற்றிப் படமெடுத்தார், வழி சொல்லவில்லை. வழக்கு வந்தது, உலக வருவாயில் 15 விழுக்காடு கொடுத்தே தீர்த்துக்கொள்ள நேர்ந்தது. குரோசாவாவின் படத்திலேயே 1929-இல் வெளிவந்த அமெரிக்கப் புதினமொன்றின் சாயல் உண்டென்பார் பலர். அச்சாயலுக்கும் இப்படிக்கும் உள்ள தொலைவே கருவுக்கும் களவுக்கும் உள்ள தொலைவு.

தமிழ்த் திரைக்கு வந்தால், 2018-ஆம் ஆண்டு 'சர்க்கார்' படத்தின் மேல் எழுந்த பூசலை மறக்க இயலாது. தன் வாக்கை வேறொருவன் போட்டுவிட்டதைக் கண்டு ஒருவன் சட்டப்படி போராடுவது கரு. வருண் இராசேந்திரன் என்னும் எழுத்தாளர், தாம் முன்னரே பதிந்துவைத்த 'செங்கோல்' கதையின் கரு அது என்றார். பாக்கியராசு தலைமையில் இருந்த திரை எழுத்தாளர் சங்கம் இரண்டையும் ஒப்பிட்டு, அடிப்படை ஒன்றே என்றது. இயக்குநர் முருகதாசு கருவொன்றே ஒத்தது, கதை தமதே என்றார். சென்னை உயர்மன்றத்தில் வழக்கு தீர்ப்பின்றி இசைவால் முடிந்தது: படத்தில் வருணுக்கு ஒப்புதல் எழுத்து இடுவதென்று.

எவர் சொன்னது மெய் என்று இங்கே ஆராய வேண்டுவதில்லை. திரையில் சில நொடிகள் தோன்றும் ஓர் எழுத்து வரிக்கு ஒருவர் உயர்மன்றப் படியேற வேண்டியிருந்தது என்பதே கேள்வி. அவரிடம் பதிவுத்தாள் இருந்தது. கதை சொல்ல வாய்ப்புத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலையும் உதவி இயக்குநனிடம் என்ன இருக்கின்றது? கதையைச் சொல்லிவிட்டு வருகின்றான்; சொன்னதற்குச் சான்றில்லை. ஈராண்டு கழித்து அது திரையில் ஓடுகின்றது. "கரு பொது" என்கின்றனர். ஆகலின், கதை கேட்கும் ஒவ்வொரு படநிறுவனமும், இன்ன நாளில் இன்னார் இக்கதையைச் சொன்னார் என்று கையொப்பமிட்ட தாள் கொடுக்க வேண்டும். எழுதுவோன் வாய் திறக்குமுன் கதையைச் சங்கத்தில் பதிய வேண்டும். பெயர்கள் ஓடும் தொடக்கத்தில், இயக்குநர் பெயருக்கு அடுத்து, 'வழி' என்று ஒரு வரி இருக்க வேண்டும். வழி ஏதுமில்லையாயின் அவ்வரியில் 'முதனூல்' என்று போட்டுக் கொள்ளட்டும். போடத் துணிபவர் எத்தனை பேர் என்பதை ஊர் பார்க்கட்டும்.