காதுக்குள்ளே ஒரு தியேட்டர்!

நம் வீடுகளில் படம் பார்க்கும்போது கண்ணையும் காதையும்விட அதிகமாக உழைக்கும் அவயவம் எது தெரியுமோ? வலது கை கட்டை விரல்!

கதாநாயகி தோழியிடம் ரகசியம் சொல்கிறாள். ஒரு எழவும் கேட்கவில்லை. வால்யூம் 18-லிருந்து 35. 'அவன் யாருன்னா...' என்று அவள் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து டாடா சுமோ ஒன்று அந்தரத்தில் பறந்து வந்து வெடிக்கிறது. தூளியில் குழந்தை வீறிடுகிறது. கட்டை விரல் பதறிப் போய் 35-லிருந்து 6. புகை அடங்குவதற்குள் அங்கே கொலைகாரன் யாரென்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

"என்ன சொன்னா?"

"நீங்கதானே குறைச்சீங்க. நீங்களே போய்க் கேளுங்க!"

இப்படிப் பாதிப் படத்தை ஊகத்திலேயே பார்த்து முடிக்கிற தேசம் நம்முடையது.

இதில் டி.வி.யைத் திட்டிப் பிரயோஜனமில்லை. படத்துக்கு ஒலி சேர்ப்பவர்கள் தியேட்டரை மனசில் வைத்துத்தான் சேர்க்கிறார்கள். அங்கே ஒரு கணக்கு உண்டு. 85 டெசிபலை அடிப்படை அளவாக வைத்துக்கொள்வார்கள். திரைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கரும் உச்சத்தில் 105 வரை போகலாம். 'டம்' என்று நெஞ்சில் குத்துகிற சப்தத்துக்கென்றே தனித் தடம். அது 115 வரை. ரகசியத்துக்கும் வெடிகுண்டுக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி வைத்தால்தான் தியேட்டரில் சுவாரஸ்யம். அதே இடைவெளி நம் பத்துக்குப் பன்னிரண்டு ஹாலுக்கு வந்தால் குடும்பச் சண்டை.

போதாக்குறைக்கு, டி.வி. ஒல்லியாக ஒல்லியாக அதன் ஸ்பீக்கரும் ஒல்லியாகி, முதுகுப் பக்கமாகவோ தரையைப் பார்த்தோ போய் உட்கார்ந்துவிட்டது. 5.1 என்கிறார்களே, அதில் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்-வூஃபர். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும். ஆறு தடத்தில் வந்த ஒலியை டி.வி. இரண்டு தடத்தில் அடைக்கும்போது வசனத்தின் கதி என்ன? ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்து ஓரத்தில் உட்கார்ந்தவர் கதிதான். இருக்கிறார், ஆனால் பாதி வெளியே.

ஐயா, நான் வெறும் பி.காம்.! எனக்கு ஒலியியல் தெரியாது. ஆனால் எதையும் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் எழுதிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. 'வீட்டில் படம் பார்க்க நல்ல ஸ்பீக்கர் வாங்கலாமா, ஹெட்போன் போதுமா?' என்ற கேள்வியையும் அப்படித்தான் பேரேட்டில் ஏற்றினேன்.

ஸ்பீக்கர் பக்கம் முதலில். ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் ஆறு பெட்டிகளை அடுக்கி வைத்து, ஹெலிகாப்டர் ஒன்றை என் தலையைச் சுற்றிப் பறக்கவிட்டார். சத்தியமாக நான் குனிந்தேன். அவர் பெருமையாக, "எப்படி சார்? வீடே அதிரும்!" என்றார்.

அதுதானே பிரச்னை? அதிரப் போவது என் வீடு மட்டுமா? என் தரை, கீழ் வீட்டு மாமாவுக்குக் கூரை. காலை நாலரைக்கு எழுந்து நடைப்பயிற்சி போகிறவர். ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்கிறவர். மத்திய அரசு 2000-ம் ஆண்டு கொண்டுவந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல்தான் அளவு. மாமாவுக்கு இந்த எண்கள் தெரியாது. தெரிந்திருந்தால் பிரிண்ட் எடுத்து லிஃப்டில் ஒட்டியிருப்பார்.

அடி சப்தத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கீச்சுக் குரலைச் சுவர் ஓரளவு தடுத்துவிடும். 'டும் டும்' என்பதைத் தடுக்காது. அதனால்தான் பக்கத்து வீட்டுப் பாட்டில் பாடகர் நமக்குக் கேட்பதில்லை. டிரம்ஸ்காரர் மட்டும் நம் படுக்கையறைக்கு வந்து வாசித்துவிட்டுப் போகிறார்.

ஆக, பத்து மணிக்கு ஆபீஸிலிருந்து வந்து, சாப்பிட்டு, குழந்தை தூங்கியபின் படம் பார்க்கிற ஜாதி என்றால், பெட்டி ஆறு வாங்கினாலும் நீங்கள் உபயோகிக்கப் போவது அரை வால்யூம்தான்.

இனி ஹெட்போன் பக்கம். இது ஒன்றும் நேற்று முளைத்த வஸ்து அல்ல. 1910 வாக்கில் அமெரிக்காவில் யூட்டாவைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின் என்பவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து செய்து, கடற்படைக்கு விற்றார். (நம் வீட்டில் சமையலறைக்குள் ஸ்க்ரூ டிரைவரோடு போய்ப் பாருங்கள், தெரியும்!) 1958-ல் ஜான் காஸ் ஸ்டீரியோ ஹெட்போனைக் கொண்டுவந்தார். 1979-ல் சோனியின் வாக்மேன் வந்து, மனிதர்கள் தெருவில் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு போவதை கௌரவமாக்கியது.

வரவு என்று பார்த்தால் முதல் வரவு, ஃபேன் சப்தம், தெரு நாய், பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் அடங்கிவிடும். காதை முழுசாக மூடுகிற ரகம் இதற்கு உத்தமம். சுற்றுச் சப்தம் குறைந்தால் வால்யூமையும் குறைவாக வைக்கலாம். ரகசியமும் கேட்கும், வெடிகுண்டும் கொல்லாது. நடிகர் மூச்சு விடுவது, புடவை சரசரப்பது, பின்னணியில் எங்கோ ஒரு காக்கை... 'ஓஹோ, இதெல்லாமா இந்தப் படத்தில் இருந்தது!' என்று தோன்றும். ஒரு சவுண்ட் இன்ஜினீயர் ராத்திரி பூராக் கண் விழித்துச் சேர்த்த காக்கை அது. பாவம், யாராவது ஒருவர் கேட்க வேண்டாமா?

பற்று? அதுவும் உண்டு.

ஒன்று, 'டம்' என்பது காதில் கேட்குமே தவிர நெஞ்சில் விழாது. தியேட்டரில் அதைப் பாதி உடம்புதான் கேட்கிறது. 40 மில்லி மீட்டர் தகடு, பாவம், உங்கள் நாற்காலியை ஆட்டாது.

இரண்டு, திசை. ஸ்பீக்கரில் இடது பெட்டியின் ஒலி இடது காதுக்குப் போய், ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவான தாமதத்தில் வலது காதுக்கும் போகிறது. அந்தத் துளி வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை, 'சப்தம் இங்கேயிருந்து' என்று திசை சொல்கிறது. ஹெட்போனில் இடது இடதுக்கே, வலது வலதுக்கே. அதனால் கதாநாயகன் திரையில் பேசாமல் நம் மண்டைக்குள் உட்கார்ந்து பேசுவான். இதைச் சரிக்கட்டக் கணக்குப் போட்டு ஏமாற்றுகிற வித்தைகள் வந்திருக்கின்றன. ஆனால் காது மடல் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்குப் பின்னால் கேட்கிற ஹெலிகாப்டர் இன்னொருவருக்கு உச்சந்தலையில் கேட்கலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். ஆபீஸ் நண்பர் ஒருவர் ப்ளூடூத் மாட்டிக்கொண்டு படம் பார்த்துவிட்டு, "தமிழ்ப் படமே டப்பிங் படம் மாதிரி இருக்குப்பா!" என்றார். இருக்கும். சினிமா வினாடிக்கு 24 கட்டம். சாதாரண ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி 200 மில்லி செகண்ட் வரை பிந்துவது சகஜம். பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய ஐந்து கட்டம்! உதடு மூடியபின் வார்த்தை வருகிறது.

ஒலி கொஞ்சம் பிந்தினால் மூளை பொறுத்துக்கொள்ளும். மின்னலுக்குப் பின்தானே இடி? ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. தியேட்டரில் முதல் வரிசையைவிட 30 மீட்டர் தள்ளிக் கடைசி வரிசையில் இருந்தால் 90 மில்லி செகண்ட் பிந்தித்தான் கேட்கும். யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பதில்லை. ஆனால் 125-ஐத் தாண்டினால் கண் கண்டுபிடித்துவிடும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை சொல்கிறது. ஆகவே படத்துக்கு ஒயர் உத்தமம். ஒயர் வேண்டாமென்றால், தாமதம் குறைந்த ரகமா என்று கேட்டு வாங்குங்கள். ரேடியோ அலையில் வேலை செய்கிற, டி.வி.க்கென்றே உள்ள ரகமும் உண்டு. சில டி.வி.க்களில் ஒலித் தாமதத்தைச் சரிசெய்ய செட்டிங்ஸில் இடமிருக்கிறது. கடைக்குப் போகுமுன் டி.வி.யின் முதுகை ஒருமுறை தடவிப் பாருங்கள். ஹெட்போன் துளையே இல்லாத டி.வி.க்கள் இப்போது ஏராளம்.

நான்காவது பற்று இல்லத்தரசி எழுதியது. "மூணு விசில் வந்ததும் அணைங்கன்னு சொன்னேனே... எத்தனை விசில் வந்துச்சு?" ஹெட்போன் மாட்டியவனுக்கு இந்தக் கேள்வி வைவாவில் வராத பாடம். அன்றைக்குப் பருப்பு, பாயசமாக வந்தது.

இவ்வளவையும் எழுதி, கோடு போட்டு, பாக்கி இழுக்கிற நேரத்தில்தான் பேரேட்டில் இல்லாத ஒரு கணக்கு குறுக்கே வந்தது. அப்பா.

ரிட்டயர்டு ஹெட் கிளார்க். ஒரு காலத்தில் படம் பார்த்துவிட்டு வந்து, இடைவேளை வரை கதையை ஏற்ற இறக்கத்தோடு நடித்துக் காட்டியவர். இப்போதெல்லாம் எங்களோடு உட்கார்ந்து பேசாமல் பார்ப்பார். நகைச்சுவைக் காட்சி வந்தால் எல்லாரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார், அரை வினாடி கழித்து. டி.வி.யில் ஐந்து கட்டம் பிந்தினால் கண்டுபிடிக்கிற நான், அப்பாவின் சிரிப்பை ஒருநாள் கவனித்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தார். நாங்கள் சிரித்ததும் சிரித்தார்.

"காது கேக்கலையாப்பா?"

"கேக்குதுடா. என்ன பேசறாங்கன்னுதான் புரியலை. இப்பல்லாம் எவன் தெளிவாப் பேசறான்?"

இது அவருடைய சமாளிப்பு அல்ல; அப்படியே உண்மை. வயதாகும்போது காது முதலில் இழப்பது உச்ச சுருதிகளை. உயிரெழுத்துகளின் ஓசை கீழே இருக்கிறது, அது கேட்கும். ச, த, ப என்று வார்த்தைக்கு விளிம்பு கட்டுகிற மெய்கள் மேலே இருக்கின்றன, அவை நழுவும். பேச்சு கேட்கும், வார்த்தை புரியாது. வால்யூமை ஏற்றினால் டாடா சுமோதான் பெரிதாக வெடிக்கும்.

அன்று ராத்திரி ஒயர் ஹெட்போனை அப்பாவுக்கு மாட்டி, 'மைக்கேல் மதன காமராஜன்' போட்டேன். கிரேஸி மோகன் வசனம். ஒரு எழுத்து நழுவினால் ஒரு ஜோக் காலி. துளையில் ஒயரைச் செருகியதும் டி.வி. ஊமையாகிவிட்டது. எங்களுக்குப் படம் மட்டும். பத்தாவது நிமிஷம் அப்பா குலுங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ஹெட்போன் மாட்டியவர்களுக்கே உரிய சப்தத்தில் கத்தினார்:

"டேய்! 1990-ல தியேட்டர்ல பார்த்தப்போ ஜனங்க சிரிச்ச சிரிப்புல இந்த டயலாக்கே என் காதுல விழலைடா!"

நானும் மனைவியும் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தோம். அரை வினாடி கழித்து.

அந்த வார்த்தையை யோசிக்க யோசிக்க எனக்கு ஒன்று புரிந்தது. தியேட்டர் சிரிப்பைக் கொடுத்து வசனத்தை எடுத்துக்கொள்கிறது. ஹெட்போன் வசனத்தைக் கொடுத்து சிரிப்பை எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் ஒரே விலைக்கு எந்தக் கடைக்காரரும் தரமாட்டார்.

மறு வாரம் அப்பாவை ஆடியோகிராம் எடுக்க அழைத்துப் போனோம். கோடு ஒழுங்காக வந்து, வலது ஓரத்தில் மாடிப்படி இறங்கியது. ஹியரிங் எய்டு என்றதும், "காதுல மிஷினா? கிழவன்னு போர்டு மாட்டிக்கணுமா?" என்றார். மருமகள்தான் சொன்னாள்: "கண்ணாடி போட்டா மட்டும் குமரனா மாமா? அது கண்ணுக்கு, இது காதுக்கு. அவ்வளவுதானே!" மருமகள் சொன்னால் அப்பீல் கிடையாது.

இளைஞர்களே, அந்த மாடிப்படிக்கு நாம் அவசரமாகப் போக வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றும்போதும் நேரம் பாதியாகும்: 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி. 90-க்கு ஏறக்குறைய நாலே மணி. இரண்டு படம் பார்த்தால் வாரக் கோட்டா காலி. உட்செவியில் ஒலியை உணரும் மயிர் செல்கள் போனால் முளைக்காது. தலைமயிருக்காவது தைலம் விற்கிறார்கள். ஹெட்போனோடு இருக்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசுவது காதில் விழவில்லையா? வால்யூம் அதிகம். குறையுங்கள்.

பேரேட்டின் கடைசி வரி இதுதான். தனியாக, பத்து மணிக்கு மேல் என்றால் ஹெட்போன். கீழ் வீட்டு மாமா வாழ்த்துவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் கூடினால் ஸ்பீக்கர். வசனம் நாலு போனாலும் போகட்டும். இரண்டுக்கும் முன்னால், வீட்டில் யாராவது அரை வினாடி தாமதமாகச் சிரிக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள்.

அப்பா இப்போது மிஷின் மாட்டிக்கொண்டு எங்களோடு சேர்ந்து சிரிக்கிறார். ஒரே ஒரு கஷ்டம். மருமகளும் நானும் சமையலறையில் அவரைப் பற்றிப் பேசுவதும் இப்போது தெளிவாகக் கேட்கிறதாம்!